மாவோரி நிலமும் நமது மலையக நாவலும்

எஹலியகொடவுக்கு அண்மையில், றப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய தோட்டப் பாடசாலையில் நான் சில ஆண்டுகள் படிப்பித்தேன். அங்கே ஒருநாள் புவியியல் வகுப்பில் நியூஸிலாந்து பற்றிய பாடம். ஆட்டு ரோமம், இறைச்சி, வெண்ணெய், பால்மா என்று அந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். பால்மா என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளைகளின் முகங்கள் மலர்ந்தன. லயத்துக் காம்பராவில் விடியற்காலை ஊற்றும் தேநீரில், கையில் காசிருக்கும் நாட்களில், கரைவது அந்த நாட்டுப் பால்தானே! அப்போது கடைசி வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அந்தப் புல்லுத்தரை எல்லாம் யாருது சேர்? கம்பெனியா, கவர்மெண்டா?" என்று கேட்டாள்.

நிலத்துக்கு உடைமையாளர் என்றால் கம்பெனி, இல்லாவிடில் அரசாங்கம். மூன்றாமவர் ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அச்சிறுமிக்கு எழவில்லை. அவளுடைய பாட்டனுக்கும் எழுந்திருக்காது. "வெள்ளைக்கார விவசாயிகளுடையது" என்று பதில் சொல்லிவிட்டு நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடை அரைகுறையானது என்பதைப் பின்னர், பட்ரிஷியா கிரேஸ் என்னும் மாவோரிப் பெண் எழுத்தாளரின் ‘பொட்டிக்கி’ நாவலையும் அதற்குப் பின்னணியாயமைந்த நில வரலாற்றையும் படித்தபோதே உணர்ந்தேன். அந்த வாசிப்பு நமது மலையக நாவல்களைப் பற்றி நான் கொண்டிருந்த சில முடிவுகளையும் அசைத்துவிட்டது. அதனை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பொட்டிக்கி’ 1986இல் வெளிவந்தது. கடற்கரையோரத்தில் ஒரு மாவோரிக் கிராமம்; மூதாதையரின் உருவங்கள் செதுக்கப்பட்ட பொதுமண்டபம்; அதனருகே இடுகாடு; சுற்றிலும் பயிர்நிலங்கள். உல்லாச விடுதிகள் கட்ட முனையும் கம்பெனியொன்று அந்நிலத்தைக் கேட்கிறது. தரமாட்டோம் என்கின்றனர் மக்கள். கம்பெனி மேட்டுநிலத்தை வெட்டிச் சரிக்கிறது, வெள்ளம் இறங்கி இடுகாட்டைச் சிதைக்கிறது, மண்டபம் தீக்கிரையாகிறது. உடற்குறையும் வருவதறியும் உள்ளமும் ஒருங்கே படைத்த டோக்கோ என்னும் சிறுவன் ஈற்றில் உயிரிழக்கிறான். கதை இவ்வளவே. ஆனால் இக்கதைக்கு உறுதி தருவது வேறொரு பாத்திரம் என்பது என் துணிபு. டோக்கோவை வளர்க்கும் தந்தையான ஹேமி, தான் உழைத்துவந்த தொழிலகம் மூடப்பட்டபின் கிராமத்து மண்ணைக் கொத்தத் தொடங்குகிறான். இளமையில் முதியோரிடம் கற்ற பயிர்த்தொழில் அவன் கையில் மீண்டும் உயிர்பெறுகிறது. வேலையிழந்த தொழிலாளி நிலத்துக்குத் திரும்புகிறான்! இந்த ஒரு நிகழ்ச்சியை நமது தோட்டத் தொழிலாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வேலை போனால் அதோடு லயக் காம்பராவும் போயிற்று. திரும்பிச் செல்ல அவனுக்கு ஒரு பாத்தி மண் கிடையாது.

நாவலின் சிறப்பை ஒப்புக்கொண்டபின் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கிராமத்து மக்கள் கம்பெனிக்காரனுக்கு இட்ட பட்டப்பெயர் ‘டொலர்மனிதன்’. பெயரிலேயே அவன் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அவன் வெளியிலிருந்து வருகிறான், பணத்தைக் காட்டுகிறான், மறுத்தால் அழிக்கிறான். இத்தகைய பகைவனை அடையாளம் காண்பது எளிது. அவனுக்கு எதிராக ஒரு சமூகம் ஒன்றுபடுவதும் எளிது. ஆனால் மாவோரி நிலத்தின் வரலாற்றில் மிகக் கடினமான அத்தியாயம், பகைவன் வந்த அத்தியாயமன்று. உதவி வந்த அத்தியாயம். கடன் தர, உரம் தர, வேலியிட, பசுக்கள் வாங்கித்தர அரசு முன்வந்த காலம் அது. அந்தக் காலம் இந்நாவலில் இல்லை. ஒரு நாவல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமென்று கேட்பது நியாயமாகாதுதான். எனினும் நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அந்த விடுபட்ட அத்தியாயமே. ஆகவே அதனைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

1840 பெப்ரவரியில் வைத்தாங்கியில் பிரித்தானிய முடிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மாவோரிகளின் நிலமும் காடும் அவர்கள் விரும்பும்வரை அவர்களுக்கே உரியவை என்று அதில் எழுதப்பட்டது. அதே 1840இல் அதே பிரித்தானிய ஆட்சி இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படாதவரை, முடிக்கே சொந்தம் என்றது அச்சட்டம். ஓரிடத்தில் வாக்குறுதி, மற்றோரிடத்தில் பறிமுதல். முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பந்தக் காலத்தில் ஏறத்தாழ நாடு முழுவதும் மாவோரிகளுடையதாயிருந்தது. இன்று மாவோரி நிலம் எனச் சட்டம் ஏற்பது சுமார் 14 இலட்சம் ஹெக்டேயர். நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு.

இவ்வீழ்ச்சியில் போருக்கும் பறிமுதலுக்கும் பங்குண்டு. ஆனால் அவற்றைவிட அமைதியாக வேலை செய்த கருவி ஒன்று இருந்தது. அதுதான் 1862, 1865ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவான சுதேசிகள் நிலநீதிமன்றம். குலத்தார் பொதுவாக ஆண்டுவந்த நிலத்தை அந்நீதிமன்றம் தனியாட்களின் பெயர்களில் உறுதிப்படுத்திற்று. பெயர் எழுதப்பட்டவன் விற்கலாம். கடன்காரன் அவனை நெருக்கலாம். விற்காத நிலத்துக்கும் விதி வேறாகவில்லை. தகப்பனின் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு மறுபடியும் பிரிந்தது. சில தலைமுறைகளுக்குள் ஒரே துண்டு நிலத்துக்கு நூற்றுக்கணக்கான உரிமையாளர் தோன்றினர். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் அரைக்கால் பங்கும் வீசம் பங்கும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு பேர் பெயரிலுள்ள நிலத்தை ஈடாகக் கொண்டு யார் கடன் தருவார்? 1894இல் தொடங்கிய அரச கடன் திட்டம் வெள்ளைக் குடியேற்ற விவசாயிக்குக் குறைந்த வட்டியில் பணம் கொடுத்தது. மாவோரிக்கு அக்கதவு பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. பின்னர், ‘மாவோரி தன் நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறான்’ என்று பத்திரிகைகள் எழுதின. முதலில் கையைக் கட்டிவிட்டுப் பின்னர் சோம்பேறி என்று ஏசுவது குடியேற்ற ஆட்சிகளுக்குப் பொதுவான வழக்கம்போலும்.

இந்நிலையை மாற்ற எழுந்தவர் அபிரானா ஙாட்டா. (தமிழில் ஙகரத்தை முதலாகக் கொண்ட சொல் கிடைப்பது அருமை, அந்த எழுத்துக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும்.) 1874இல் கிழக்குக் கரையில், ஙாட்டி பொரோ குலத்தில் பிறந்தவர், அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி, 1905 முதல் 1943 வரை பாராளுமன்ற உறுப்பினர். சிதறிய பங்குகளை மாற்றியும் சேர்த்தும் பயிரிடத்தக்க காணிகளாக ஒருங்கமைக்கும் வேலையில் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய ஊரில் மாவோரிகளே நடத்திய கூட்டுறவு வணிக நிலையம் 1912இல் எழுந்தது. 1925இல் வெண்ணெய்த் தொழிற்சாலை எழுந்தது. அதே மனிதர்தாம் தம் மக்களின் பழம்பாடல்களைத் தேடித் தொகுத்தார். மரச்சிற்பக் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்று ரொட்டோருவாவில் தோன்றப் பாடுபட்டார். பாட்டைத் தொகுப்பதும் பசுவை வளர்ப்பதும் அவருக்கு ஒரே பணியின் இரு பகுதிகளாயிருந்தன. நிலம் போனால் பாட்டும் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். கலை வேறு, பொருளாதாரம் வேறு என்று பேசும் நம்மூர் அழகியல்வாதிகள் இந்த மனிதரின் வாழ்க்கையைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1928இன் இறுதியில் ஙாட்டா சுதேச விவகார மந்திரியானார். 1929ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 23ஆம் பிரிவால், அரச பணத்தைக் கொண்டு மாவோரி நிலத்தைத் திருத்தும் அதிகாரம் பிறந்தது. 1930இல் ரொட்டோருவாவுக்கு அண்மையிலுள்ள ஹொரொஹொரோவில் வேலை தொடங்கிற்று. புதர் வெட்டி, எரித்து, புல்விதை தூவி, வேலி அடித்து, வீடு கட்டிப் பசுக்களை ஓட்டிவந்தனர். உலகப் பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த அந்நாட்களில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு இது உணவாயிற்று. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மேட்டுநிலத்தில் கால்நடைகள் காரணம் புரியாமல் மெலிந்து சாவதுண்டு. மண்ணில் கோபால்ட் என்னும் தாது போதாமையே காரணம் என்பதை 1930களின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகள் கண்டனர். சிறிதளவு கோபால்டை உரத்தோடு கலந்து இட்டவுடன் புல்லும் மாடும் தேறின. விஞ்ஞானம் மக்கள் கைக்கு எட்டும்போது அது செய்யும் நன்மையை மறுப்பதற்கில்லை.

(அந்தப் புல்லுக்கு இட்ட பொஸ்பேற்று உரத்தின் மூலக்கல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நவுரு, பனாபா என்ற இரு சிறு தீவுகள் தென்படுகின்றன. அத்தீவுகளின் வயிற்றைத் தோண்டித்தான் நியூஸிலாந்தின் மேய்ச்சல் நிலம் பசுமையாயிற்று. பனாபா மக்களோ 1945இல் தம் தீவை விட்டுப் பிஜி நாட்டிலுள்ள ராபித் தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். ஒரு நாட்டின் பசும்புல்லுக்கு அடியில் மற்றொரு நாட்டின் மண் கிடக்கிறது.)

இனிச் சட்டத்தின் மறுபக்கம். நிலம் திட்டத்துக்குள் வந்ததும், வேலைக்கு இடையூறாக உடைமையுரிமை எதனையும் உரிமையாளர் பிரயோகிக்க முடியாது. எந்தப் புல், எத்தனை மாடு, எவ்விடத்தில் வேலி, யார் குடியிருப்பது ஆகிய யாவற்றையும் தீர்மானிப்பது திணைக்களம். செலவு முழுவதும் நிலத்தின்மேல் கடனாக ஏறும். குடியமர்த்தப்பட்ட விவசாயியை அலுவலக ஏடுகள் ‘யூனிட்’ என்றே குறித்தன. அவன் கறந்த பாலின் ஏட்டுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கென்று திணைக்களம் பிடித்துக்கொண்டது. ஙாட்டாவின் காலத்தில் அந்தந்தக் குலத் தலைவர்கள் இடையில் நின்றமையால் இவ்வமைப்புக்கு ஒரு மனித முகம் இருந்தது. கணக்கு வழக்குகள் ஒழுங்காக இல்லையென்று 1934இல் விசாரணைக் குழுவொன்று குற்றங்கண்டது. ஙாட்டா பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பிழைகள் நடந்தது உண்மை. ஆனால் அதற்குக் கிடைத்த பரிகாரம் அதிகாரத்தை மக்களிடம் நெருக்கிக் கொண்டுசெல்லவில்லை. தலைநகருக்கு இன்னும் தூரமாக இழுத்துச் சென்றது.

அடுத்து வந்த தொழிற்கட்சி ஆட்சி அதிகப் பணம் ஒதுக்கியது. நிலம் நன்றாகவே விளைந்தது. ஆனால் ஆட்டுப் பண்ணைக்குக் கைகள் அதிகம் வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான உரிமையாளருள்ள காணியில் ஓரிரு குடும்பங்களுக்கே இடமுண்டு. ஏனையோர் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போயினர். 1945இல் மாவோரிகளில் நான்கிலொருவரே நகரவாசி. 1980களில் ஐவரில் நால்வர் நகரத்தில் இருந்தனர். ஹேமி உழைத்த தொழிலகத்தில் முடியும் பாதை இதுதான்! பிறகு, ‘ஊரில் இல்லாத உரிமையாளர்’ என்ற பழியும் வந்தது. 25 பவுணுக்குக் குறைந்த பங்குகளைப் பொருளாதாரப் பயனற்றவை என்று கொண்டு கட்டாயமாக வாங்கிக்கொள்ள 1953ஆம் ஆண்டுச் சட்டம் அரச பொறுப்பாளருக்கு அதிகாரம் வழங்கிற்று. நான்கு பேருக்கு மேற்படாத உரிமையாளரைக் கொண்ட நிலத்தை மாவோரி நிலம் என்ற வகையிலிருந்தே நீக்கிப் பொது நிலமாக்க 1967ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. கோபம் முற்றிற்று. 1975 செப்டம்பரில், எண்பதை அணுகும் மூதாட்டி வினா கூப்பர் முன்னே செல்ல, வடகோடியிலிருந்து தலைநகர்வரை மக்கள் நடந்தனர். இனி ஓர் ஏக்கரும் கொடோம் என்பது அந்நடையின் குரல்.

மற்றொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேய்ச்சலுக்காகக் காடழித்த கிழக்குக் கரைக் குன்றுகள் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கின. மங்காட்டு என்னும் கூட்டுரிமைப் பண்ணையின் நிலத்தில் ஒரு பகுதியை, மண்ணரிப்பைத் தடுக்கக் காடு வளர்க்க வேண்டுமென்று, 1961இல் அரசு எடுத்துக்கொண்டது. 1988இல் ‘போலா’ புயலும் 2023இல் ‘கேப்ரியல்’ புயலும் அப்பகுதியைப் பிளந்தன. எத்தனை ஆடு, எத்தனை மந்தை என்று எண்ணியவர்களின் ஏட்டில் குன்றின் ஆயுள் ஒரு செலவாக எழுதப்படவில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் வாழ்வோர்க்கு இது கதையன்று. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அழுந்தியதையும் கண்டவர்கள் நாம்.

இப்போது நமது மண்ணுக்கு வருவோம். சப்ரகமுவவின் கிராமத்தான் சேனைப் பயிருக்கும் மாடு மேய்க்கவும் பயன்படுத்திய காட்டை 1840ஆம் ஆண்டுச் சட்டமும் 1897ஆம் ஆண்டுத் தரிசுநிலச் சட்டமும் அவனிடமிருந்து பிரித்தன. அந்நிலத்தைக் கம்பெனிக்காரன் பெற்றான். அதில் காடு வெட்டவும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் நடவும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் மக்கள் கொண்டுவரப்பட்டனர். சிங்களக் கிராமத்தானின் மேய்ச்சல் நிலத்தைப் பறித்தவனும், தமிழனை லயத்தில் அடைத்தவனும் ஒரே முதலாளி என்ற உண்மை இப்பகுதியில் கண்கூடு. ஏனெனில் நுவரெலியாவைப் போலத் தோட்டமே உலகமாக இங்கில்லை. லயத்துக்குப் பின்புறம் கிராமம், கிராமத்துக்குப் பின்புறம் மாணிக்கக் குழி. அந்த நெருக்கமே நல்லுறவாகவும் இருந்தது; 1977லும் 1983லும் தீயாகவும் மூண்டது.

மாவோரித் திட்டத்தோடு ஒப்பிடும்போது ஒரு விசித்திரம் தெரிகிறது. அங்கே உறுதி இருந்தது, அதிகாரம் இல்லை. இங்கே உறுதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. உழைப்பு மட்டுமே இருந்தது. ஆட்டுப் பண்ணை மனிதரை வேண்டாமென்று நகரத்துக்கு அனுப்பிற்று. றப்பர்த் தோட்டமோ மனிதரை வேண்டுமென்று லயத்தில் கட்டிப்போட்டது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்ற விவசாயிக்குக் காணி கொடுக்க எழுந்தது. இந்திய வம்சாவளியினர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948இல் குடியுரிமையும் போயிற்று. 1972லும் 1975லும் நிலச்சீர்திருத்தம் வந்தபோது, தனியாரிடமிருந்து ஏறத்தாழ 5 இலட்சத்து 63 ஆயிரம் ஏக்கரும், கம்பெனிகளிடமிருந்து ஏறத்தாழ 4 இலட்சத்து 18 ஆயிரம் ஏக்கரும் அரசின் கைக்கு வந்தன. முற்போக்காளர் நாம் அதை வரவேற்றோம், வரவேற்றது தவறுமன்று. ஆனால் அந்நிலத்தை உருவாக்கியவன் நாடற்றவனாயிருந்தமையால் பங்கீட்டில் அவன் பெயர் வரவில்லை. சுவீகரிக்கப்பட்ட தோட்டங்கள் சிலவற்றில் வேலையும் கூப்பன் மாவும் அற்றுப்போய், மக்கள் வன்னிக்கு வழிதேடிப் போயினர். 1977 மேயில், தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். ‘மக்களுக்கு நிலம்’ என்று நாம் முழங்கியபோது அந்த மக்கள் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று கேட்கத் தவறினோம். இந்தத் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் நிலத்தைப் பற்றி நமக்கு மேலும் பேசும் யோக்கியதை இல்லை.

இவ்வளவு பெரிய நிலக்கதை நமது நாவலில் எப்படி இடம்பெற்றது? இங்கேதான் என் பழைய முடிவு ஆட்டங்கண்டது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தொடக்கம், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்று வரும் வரிசையை, உழைக்கும் மக்களின் இலக்கியம் என்று நான் மாணவருக்குப் பெருமையோடு சொல்லிவந்தேன். இன்றும் சொல்வேன். கங்காணியின் கடன், துரையின் ஆணவம், பெரட்டுக் களத்து ஏச்சு, லயத்து நெருக்கடி, சங்கம், குடியுரிமை, கப்பலேறும் துயரம் ஆகியவற்றையெல்லாம் நம் எழுத்தாளர் உண்மையோடு எழுதியுள்ளனர். ஆனால் மண்? மண் அங்கே பெரும்பாலும் பின்னணித் திரை. பச்சைக் கம்பளம் விரித்த மலை, பனி, அருவி ஆகியன பாத்திரங்கள் துன்புறுவதற்கென்று அமைந்த காட்சியாகவே நிற்கின்றன. ‘வீடற்றவன்’ என்றோம், ‘நாடற்றவன்’ என்றோம். ‘நிலமற்றவன்’ என்ற சொல் நம் நாவலின் நெற்றியில் ஏறவில்லை. 1970களின் சுவீகரிப்பையும் இடம்பெயர்வையும் நம் சிறுகதைகள் தொட்டன. ஆயினும் வந்து விழுந்த ஒரு பேரிடியாகவே தொட்டன. நிலம் யாருக்கு உரியது என்ற வழக்காக அதை நடத்தவில்லை.

காரணம் எழுத்தாளரின் திறமைக் குறைவன்று. தொழிற்சங்கம் எதைக் கேட்டதோ அதையே இலக்கியமும் கேட்டது. சங்கம் சம்பளத்தைக் கேட்டது. பிறகு பிரஜாவுரிமையைக் கேட்டது. இரண்டும் உயிர்நாடியான கோரிக்கைகள். ஆனால் இலக்கியம் சங்கத்தின் தீர்மான ஏட்டுக்கு ஓரடி முன்னே நடக்க வேண்டும். அந்த ஓரடியை ஒருவர் வைத்ததுண்டு. சி. வி. வேலுப்பிள்ளையே ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையா தமிழாக்கிய தேயிலைத் தோட்டக் கவிதையில், தேயிலைச் செடிகளின் அடியில் புதையுண்டு கிடக்கும் முன்னோர் வருகின்றனர். இறந்தவர் கிடக்கும் மண் இருப்பவருக்குரியது என்ற உரிமைக்குரல் அதில் மறைவாக ஒலிக்கிறது. ‘பொட்டிக்கி’யில் இடுகாட்டை வெள்ளம் சிதைக்கும் கட்டத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கவிதையே நினைவுக்கு வந்தது. ஒருவருக்கொருவர் முன்பின் அறியாத இரு எழுத்தாளர், நிலவுரிமையைத் தேடிப் போய்ச் சுடலையில் சந்திக்கின்றனர். நமது நாவலாசிரியர் அவ்விடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. மலையக இலக்கியம் எனின் தேயிலையே. றப்பர்ப் பகுதி அதில் மிகக் குறைவு. விடியுமுன் கத்தியோடு போய்ப் பால் வெட்டி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து ஊற்றும் வாழ்வுக்கு, கொழுந்து மலையின் கவர்ச்சி இல்லை என்பதாலா? இங்கே மழை பெய்தால் பட்டை நனையும். பட்டை நனைந்தால் வெட்டில்லை. வெட்டில்லாவிட்டால் அன்றைய பெயரில்லை. 1952இல் சீனத்தோடு செய்த றப்பர்-அரிசி ஒப்பந்தத்தை வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படிக்கிறோம். அந்த அரிசிக்கு ஈடாகச் சென்ற பாலை வெட்டியவள் ஒரு நாவலிலாவது கதாநாயகியாக வேண்டாமா?

சிலர் சொல்வர்: இதெல்லாம் பழங்கதை, இப்போது குடியுரிமை உண்டு, வீடமைப்புத் திட்டம் உண்டு, 7 பேர்ச் காணி உண்டு என்று. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனிவீடும் 7 பேர்ச்சும் என்ற திட்டம் முன்னேறியது ஒரு வெற்றியே. லயத்தில் பிறந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 7 பேர்ச்சில் வீடு நிற்கும், பசு நிற்காது. உழைப்பாளியை உரிமையாளனாக்க அது போதாது. இதே இரத்தினபுரி மாவட்டத்தில் கிராமத்துச் சிற்றுடைமையாளர் அரை ஏக்கரிலும் ஓர் ஏக்கரிலும் தேயிலை நட்டுப் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கின்றனர். நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இன்று சிற்றுடைமைகளிலிருந்தே வருகிறது. பெருந்தோட்டமன்றித் தேயிலை விளையாது என்ற வாதம் நம் கண்முன்னே பொய்த்துவிட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை அறிந்தவன் அந்தச் சிற்றுடைமையாளர் வரிசையில் அரிதாகவே காணப்படுகிறான்.

1992இல் அரச தோட்டங்கள் மீண்டும் கம்பெனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றன. 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. றப்பரை வெட்டிச் செம்பனை நட்டனர் சிலர். 2021இல் அரசு அதற்குத் தடை விதித்தது. நட்டதும் தடுத்ததும் மேலிருந்து. தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை. அண்மைக் காலமாகச் சில கம்பெனிகள், நாட்கூலிக்குப் பதிலாகத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தேயிலைத் துண்டொன்றைப் பராமரிக்க ஒதுக்கி, கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைப் பரப்பிவருகின்றன. உரமும் மருந்தும் கம்பெனி தரும்; அவற்றின் விலையைக் கொழுந்துப் பணத்தில் கழித்துக்கொள்ளும்; நிலம் குத்தகைக்காரனுடையதாகவே இருக்கும். இதைத் தொழிலாளியைச் சிறு முதலாளியாக்கும் புரட்சி என்று மேடைகளில் வருணிக்கின்றனர். ஹொரொஹொரோவின் ‘யூனிட்’டையும், அவன் பாலேட்டுப் பணத்திலிருந்து பிடிக்கப்பட்ட பங்கையும் படித்தவர்க்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு: அந்த மாவோரியின் பெயர் எங்கோ ஓர் உறுதியிலாவது இருந்தது. ஆகவே கடன் தீர்ந்தபின் நிலத்தைத் திரும்பக் கேட்க அவனுக்கு இடமிருந்தது. சில குலங்கள் கேட்டுப் பெற்றுத் தம் பண்ணைகளைத் தாமே நடத்தவும் செய்கின்றன. மங்காட்டுப் பண்ணையும் கடனில் மூழ்கிப் பல பத்தாண்டுகள் அரச ஆணையாளர் கையிலிருந்து, 1947இல் உரிமையாளரிடமே மீண்டது.

2023 ஜூலையிலும் ஆகஸ்டிலும், முதல் முன்னோர் வந்த பாதையில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தனர். இருநூறு ஆண்டு நினைவாக எழுந்த அந்நடையின் கோரிக்கைகளில் நிலமும் இடம்பெற்றிருந்தது. வினா கூப்பரின் நடைக்குப் பின் மாவோரி இலக்கியம் எப்படித் தழைத்தது என்பது நாமறிந்ததே. ‘பொட்டிக்கி’யும் அந்தக் காலத்தின் பிள்ளை. நம் நடைக்கும் ஒரு நாவல் பிறக்குமாயின் அது ‘டொலர்மனிதனை’ மட்டும் எழுதி நின்றுவிடாமல், கடன் தந்தவனையும் கணக்கு எழுதியவனையும், நல்லெண்ணத்தோடு வந்து எல்லாவற்றையும் தானே தீர்மானித்த அதிகாரியையும், மேடையில் முழங்கிய நம்மையும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்பிள்ளையின் வீட்டில் ஒரு பசு இருந்தது. கொட்டில் போட்டிருந்த இடம் தோட்டத்துக்குச் சொந்தம். அதை வைத்திருக்கத் துரையின் அனுமதி வேண்டும். புல் அறுத்த ஓடைக்கரை அரசாங்கத்துக்குச் சொந்தம். பசு மட்டும் அவர்களுடையது. காலையில் அவளே பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போய்ச் சேகரிப்பு வண்டிக்கு ஊற்றிவிட்டு, அந்த வழியாகவே பாடசாலைக்கு வருவாள். வாரக் கடைசியில் பால்காசு வரும்போது, வீட்டுத் தேநீருக்கென்று கடையில் ஒரு சிறு பால்மாப் பொதி வாங்குவார்கள்.